புகை போட்ட லேப்டாப்

நான் ஒரு லேப்டாப்பைப் புகை போட்டிருக்கிறேன். ரப்பர் ஷீட்டைப் புகை போடுவார்களே, அதே மாதிரி, அதே இடத்தில், அதே விறகில். இதை வெளியே சொல்வதில் எனக்குப் பெருமை ஒன்றுமில்லை. ஆனால் நான் சொல்லாவிட்டாலும் எங்கள் வீட்டில் யாராவது சொல்லிவிடுவார்கள். கல்யாண வீடு, பால்காய்ச்சு வீடு, துட்டி வீடு (ஆமாம், சாவு வீட்டிலும்) என்று நாலு பேர் கூடும் இடத்தில் எல்லாம் இந்தக் கதை ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் என் வாயாலேயே சொல்லிவிடுவது நல்லது. அவர்கள் சொல்லும்போது பாதியிலேயே சிரித்து நிறுத்திவிடுகிறார்கள்.

நடந்தது 2011 ஐப்பசியில். குலசேகரத்திலிருந்து திற்பரப்புக்குப் போகும் வழியில் கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் வீடு. அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் ரப்பர். அஜி அண்ணன் வளைகுடாவில் ஏசி மெக்கானிக். அவன் மனைவி லதா மைனி (அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் மைனி என்போம்) எங்களோடு இருந்தாள். அவன் தங்கையான நான் கம்ப்யூட்டர் சயின்ஸில் பி.ஈ. முடித்துவிட்டு ஐந்து மாதமாக வீட்டில் இருந்தேன். "வேல கிட்டிச்சா மக்கா?" என்று கேட்காமல் எங்கள் வாசலைத் தாண்டிய உறவினர் ஒருவரும் கிடையாது. பால் வாங்க வந்தவர்கள்கூடக் கேட்டார்கள்.

மைனி ஐந்து மாதக் கர்ப்பமாக இருக்கும்போது அண்ணன் லீவு முடிந்து திரும்பிப் போனான். அம்மு பிறந்து ஆறு மாதமாகியும் அவன் அவளைத் தூக்கியது இல்லை. லேப்டாப்பில் பார்த்ததுதான். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. மதியம் மூன்று மணிக்கு அவன் வருவான். வருவான் என்றால் எங்கள் ஹால் மேஜையில், ஜன்னல் பக்கத்தில் வருவான். டேட்டா கார்டுக்கு அங்கே மட்டும்தான் சிக்னல் உண்டு.

அந்த லேப்டாப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணன் அதைக் கூட இருந்த ஒருவரிடம் பழசாக வாங்கி, முந்தின லீவுக்குக் கொண்டுவந்தான். சிமெண்டு மூட்டையில் கால்வாசி எடை இருக்கும். சார்ஜரைப் பிடுங்கினால் மூன்றாவது நிமிடம் உயிர் போய்விடும். இதெல்லாம் கூடப் பரவாயில்லை, திரைதான் பெரிய தொல்லை. திடீரென்று குறுக்கும் நெடுக்குமாகக் கோடு விழும். பச்சையும் ஊதாவுமாகப் பட்டை பட்டையாக வரும். சில சமயம் வெள்ளை வேட்டி விரித்த மாதிரி ஒன்றுமே இல்லாமல் ஆகிவிடும்.

மைனி பத்தாம் வகுப்பு வரை படித்தவள். அவள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். திரையைக் கொஞ்சம் பின்னால் சாய்ப்பாள். சாய்வு மாறாமல் இருக்கப் பின்னால் ஒரு காப்பிப்பொடி டின்னை முட்டுக் கொடுப்பாள். இடது பக்கம், திரையும் உடம்பும் சேரும் மூட்டில், கொடியில் துணி காயப்போடும் கிளிப் ஒன்றை மாட்டுவாள். கோடு எல்லாம் போய்விடும். டின் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று மேஜையில் சாக்பீஸால் ஒரு வட்டம்கூட வரைந்திருந்தாள். யாரும் அதை அழிக்கக் கூடாது. மேஜை துடைக்கும்போது அம்மா அந்த வட்டத்தைச் சுற்றித்தான் துடைப்பாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மைனி முகம் கழுவி, பொட்டு வைத்து, அம்முவை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். அண்ணன் முகம் வந்ததும் அம்மு இரண்டு கையாலும் மேஜையை அடிப்பாள். "அப்பா எங்க மக்கா?" என்று கேட்டால் லேப்டாப்பைப் பார்ப்பாள். மூடி வைத்திருந்தாலும் அதைத்தான் பார்ப்பாள்.

அம்முவுக்குச் சோறு கொடுக்கும் சடங்கை ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்தார்கள். முதல் வாய்ச் சோறு. அண்ணனுக்கு லீவு இல்லை. ஆனால் இங்கே பத்து மணி என்றால் அவனுக்கு எட்டரை. யாரிடமோ கெஞ்சி அன்றைக்கு டியூட்டி மாற்றிக்கொண்டான். "லதே, எட்டு மணிக்கே நான் கேமரா முன்னால இருப்பேன். அவ வாயில சோறு வைக்கத நான் பாக்கணும்" என்று சொல்லியிருந்தான். இரண்டு வாரமாக மைனி அந்த ஞாயிறைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்.

இந்த இடத்தில்தான் நான் உள்ளே நுழைகிறேன்.

முந்தின வாரம் ஒரு கல்யாண வீட்டில் அப்பாவின் தங்கை, பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, "கம்ப்யூட்டருக்குப் படிச்ச பிள்ள இருக்க வீட்டுல, காப்பி டின்ன முட்டுக் குடுத்தா கம்ப்யூட்டர் பாக்கிய?" என்று கேட்டாள். பாயசம் ஊற்ற வந்தவர் வரைக்கும் சிரித்தார். அந்த அத்தை சடங்குக்கு வருவாள். வந்து டின்னையும் கிளிப்பையும் பார்ப்பாள். அன்றைக்கே நான் முடிவு செய்துவிட்டேன், டின் இல்லாமல், கிளிப் இல்லாமல், கண்ணாடி மாதிரி அண்ணன் முகம் வர வேண்டும். எல்லாரும் பார்க்க வேண்டும். அதற்கு நான் காரணமாக இருக்க வேண்டும். (இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த லேப்டாப் எனக்கு வந்திருக்க வேண்டியது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு கடுப்பு உண்டு. படித்தவள் நான், வெள்ளிக்கிழமை ராணி அவள்.)

திங்கட்கிழமை மேஜைக்கு முன் உட்கார்ந்தேன். முதல் வேலையாக டின்னை எடுத்து அடுக்களையில் வைத்தேன். கிளிப்பைக் கொடியில் மாட்டினேன்.

கிராபிக்ஸ் டிரைவரை அழித்துவிட்டுப் புதிதாக இறக்கினேன். எங்கள் டேட்டா கார்டில் அது இறங்க ஒன்றரை நாள் ஆனது. போட்டேன், கோடு போகவில்லை. ரெசல்யூஷனைக் குறைத்தேன். ஐகான்கள் ஒவ்வொன்றும் பப்படம் அளவுக்கு வந்தன, அதன் மேலேயும் கோடு விழுந்தது. வண்ணங்களைக் குறைத்ததில் அண்ணனுடைய கல்யாண போட்டோவில் மாப்பிள்ளை நீல நிறமாகிவிட்டான். சேஃப் மோடிலும் கோடுதான். கடைசியில், விண்டோஸ் வருவதற்கு முன்னால் தெரியும் முதல் கறுப்புத் திரையிலேயே கோடு இருப்பதைக் கவனித்தேன். அப்படியானால் குறை மென்பொருளில் இல்லை, உடம்பில். இதுவரை நான் நினைத்தது சரி. இதற்கு மேல் நான் நினைத்த எதுவும் சரியில்லை.

உடம்பில் என்றால் இரண்டு இடம்தான். ஒன்று, கிராபிக்ஸ் சிப். இல்லையென்றால் திரையும் அதற்குப் போகும் கேபிளும். எது என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு சோதனை போதும். லேப்டாப்பை வேறு ஒரு திரையில் மாட்டிப் பார்க்க வேண்டும். அங்கே நன்றாகத் தெரிந்தால் சிப் நன்றாக இருக்கிறது. இது எனக்குத் தெரியாதது இல்லை. கல்லூரியில் இதைப் பற்றி நானே எழுந்து நின்று பேசி, கைதட்டல் வாங்கியிருக்கிறேன். அண்ணன் கொண்டுவந்த எல்சிடி டிவி அதே ஹாலில், அதே மேஜையிலிருந்து நாலடி தூரத்தில் இருந்தது. மாட்ட வேண்டிய கேபிள் என் கல்லூரிப் பெட்டிக்குள் இருந்தது. பெட்டி பரண் மேல் இருந்தது. பரணில் பல்லி இருந்தது.

பல்லிக்குப் பயந்துதான் ஏறவில்லை என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதி உண்மை. கேபிள் கெட்டுவிட்டது என்று சொன்னால் யார் மதிப்பார்கள்? அது ஒரு வயர். 'கிராபிக்ஸ் சிப் போயிருக்கு' என்று சொன்னால் அத்தை வாயை மூடிக்கொள்வாள். எனக்கு அது சிப்பாக இருக்க வேண்டியிருந்தது.

புதன்கிழமை மைனி பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏட்டி சிந்து, பின்னோட்டு சாய்ச்சா அது செரியாவும் பாத்துக்க. அந்த மூட்டுலதான் என்னமோ இருக்கு."

"மைனி, இது கோழிக்கூட்டுக் கதவா, சாய்ச்சா செரியாவதுக்கு? உள்ள இருக்க சிப்புல பிரச்சினை. உங்களுக்குச் சொன்னா மனசிலாவாது."

அவள் கோடு விழுந்த திரையை எட்டிப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: "நமக்கு வரி வரியா தெரிஞ்சா என்ன பிள்ளே? அவியளுக்கு நம்ம பிள்ள தெளிவா தெரியுதுல்லா. அது போரும் எனக்கு."

நான் சிரித்தேன். அறிவில்லாதவர்கள் பேசினால் படித்தவர்கள் சிரிப்பார்களே, மூக்கால், அந்தச் சிரிப்பு. அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என்னையே ஒரு அறை விடலாம் போல இருக்கிறது.

வியாழக்கிழமை லேப்டாப்பைக் கழற்றினேன். பதினாறு திருகாணிகளை எடுத்த பிறகும் அது திறக்கவில்லை. திருப்பி மாட்டியபோது இரண்டு மிச்சம் வந்தன. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு முழுத் திரையும் வெள்ளையாக இருந்தது. நான் "இன்னைக்கு போன்ல பேசிக்கிடுங்க மைனி, ஞாயித்துக்கிழமை அசத்திரலாம்" என்றேன். மைனி முகம் கழுவிப் பொட்டு வைத்திருந்தாள். அப்படியே போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். அம்மு மேஜையை அடித்துக்கொண்டே இருந்தாள்.

வலைத்தளங்களில் தேடியதில் எங்கேயோ யாரோ எழுதியிருந்தார்கள். சிப்பைப் பலகையில் ஒட்டியிருக்கும் ஈயம் நாளாவட்டத்தில் விரிசல் விடுமாம். சூடு காட்டினால் உருகி மறுபடி ஒட்டிக்கொள்ளுமாம். ஒருவர் லேப்டாப்பைக் கம்பளியில் சுற்றி வைத்தாராம். இன்னொருவர் பலகையைக் கழற்றி அடுப்புப் பெட்டியில் கேக் மாதிரி வேக வைத்தாராம். 'புதுசு போல ஆகிவிட்டது' என்று கீழே பத்துப் பேர் நன்றி சொல்லியிருந்தார்கள்.

எங்கள் வீட்டில் கேக் அடுப்பு இல்லை. புகைப்புரை இருந்தது.

வீட்டுக்குப் பின்னால், ஓடு வேய்ந்த ஒரு சின்ன அறை. ரப்பர் ஷீட்டுகளை மூங்கில் கம்புகளில் தொங்கவிட்டு, அடியில் விறகும் தேங்காய்த் தொண்டும் (உரித்த மட்டை) போட்டுப் புகைப்பார்கள். வெள்ளையாகப் போகும் ஷீட் நாலு நாளில் தேன் நிறத்தில் வெளியே வரும். ஷீட் மட்டும் என்றில்லை. வருடத்தில் பாதி நாள் மழை பெய்கிற ஊரில் எதுவெல்லாம் ஈரமாகிறதோ அதுவெல்லாம் அங்கேதான் போகும். என் பள்ளிச் சீருடை பன்னிரண்டு வருடம் அங்கேதான் காய்ந்தது. வகுப்பில் ரப்பர்காரர் பிள்ளைகளை மோந்து பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். நனைந்த ரேஷன் கார்டு, மிளகு, பாக்கு, ஒரு முறை என் பிளஸ் டூ மார்க் ஷீட். எல்லாவற்றுக்கும் மேலாக, அப்பாவின் மொபைல் ஒரு நாள் ரப்பர் பால் வாளிக்குள் விழுந்து, அங்கே ஒரு பகல் இருந்துவிட்டு, உயிரோடு திரும்பி வந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் புகைப்புரையை யாரும் சந்தேகப்பட்டது இல்லை.

ஈயம் உருக இருநூறு டிகிரி சூடாவது வேண்டும். எங்கள் புகைப்புரையில் அறுபதைத் தாண்டினால் அப்பா ஓடிப்போய் விறகை இழுத்துவிடுவார், இல்லையென்றால் ஷீட்டில் குமிழி வந்துவிடும். இந்த இரண்டு எண்ணும் எனக்குத் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க மட்டும் தோன்றவில்லை. நாலு வருடப் படிப்பு.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, பேட்டரியைக் கழற்றிவிட்டு (விவேகம்!), லேப்டாப்பை ஒரு குளியல் துண்டில் சுற்றி, புகைப்புரையின் உள்பக்கத் தட்டில் வைத்தேன். இரண்டு மணி நேரம் என்று திட்டம். எட்டரைக்கு அம்மா கூப்பிட்டாள். "ஏட்டி, குலசேகரம் போயி வாழ இலையும் பப்படமும் வாங்கிட்டு வா. அப்படியே அத்தைய பஸ் ஸ்டாண்டுல இருந்து கூட்டிட்டு வந்துரு." போனேன். அத்தையின் பஸ் இரண்டு மணி நேரம் தாமதம். திரும்பி வரும்போது மணி இரண்டு.

அதற்குள் நடந்தது இது. வெள்ளிக்கிழமை மழை விட்டிருந்ததால் அப்பா ரப்பர் பால் வெட்டியிருந்தார். சனிக்கிழமை ஷீட் அடித்து, மறுபடி வானம் கறுத்துவிட்டதால், தண்ணீர் வடியக்கூட விடாமல் நேரே கொண்டுபோய்ப் புகைப்புரையில் தொங்கவிட்டார். முப்பது ஷீட். தட்டுக்கு மேலேயும் தொங்கவிட்டார். ஈர ஷீட் என்பதால் நனைந்த தேங்காய்த் தொண்டைப் போட்டுப் புகையையும் கூட்டினார்.

"அப்பா, தட்டுல ஒரு பொதி இருந்துச்சே?"

"இருந்துச்சு. அம்முக்க துணியாக்கும்னு நெனச்சு நல்லா புகை பிடிக்கட்டும்னு நடுவுல தள்ளி வச்சேன் மக்கா."

துண்டைப் பிரித்தேன். வெள்ளித் தகடு மாதிரி இருந்த மூடி தேன் நிறமாகியிருந்தது. முதல் தர ஷீட்டின் நிறம். ஷீட்டிலிருந்து சொட்டிய தண்ணீர் விசைகளுக்கு இடையில் குளம் கட்டி நின்றது. புளிப்பும் புகையுமாக ஒரு வாடை. பேட்டரியைப் போட்டு (இதையும் ஏன் செய்தேன் என்று கேட்காதீர்கள்) பொத்தானை அமுக்கினேன். விளக்கு எரிந்தது. விசிறி ஒரு சுற்றுச் சுற்றியது. 'டிக்' என்று ஒரு சத்தம். அப்புறம் ஓரத்தில் இருந்து புகை வந்தது. அது உள்ளே போன புகையா, புதிதாக வந்த புகையா என்று தெரியவில்லை. எனக்குப் பின்னால் அத்தை நின்றுகொண்டிருந்தாள்.

"என்னட்டி, கம்ப்யூட்டரயும் ஷீட்டாக்கி விக்கப் போறியளா?"

அம்மா சிரித்தாள், அப்பா சிரித்தார், வந்திருந்த எல்லாரும் சிரித்தார்கள். வீட்டில் கதையாகச் சொல்வது இதுவரைக்கும்தான். மைனி சிரிக்கவில்லை. அவள் வாசலில் அம்முவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். என்னைத் திட்டவில்லை. "அவியகிட்ட இப்பமே சொல்லிரு பிள்ளே. பாவம், காத்திருப்பாவ" என்றாள்.

நான் சொல்லவில்லை. ராத்திரிக்குள் காய்ந்துவிடும், காலையில் எழும்பிவிடும் என்று விசிறிக்கு அடியில் வைத்துக் காத்திருந்தேன். காலை எட்டு, ஒன்பது என்று துடைத்துத் துடைத்து அமுக்கிக்கொண்டே இருந்தேன். மைனி இரண்டு தடவை "சொல்லியாச்சா?" என்று கேட்டாள். இரண்டு தடவையும் "சொல்லியாச்சு" என்றேன்.

பத்து மணிக்கு இலை போட்டார்கள். அம்முவுக்குப் பட்டுப் பாவாடை. அப்பா மடியில் வைத்துக்கொண்டார். அப்போது மைனியின் போன் அடித்தது.

"லதே, என்னாச்சு? நான் எட்டு மணி முதல இஞ்ச இருக்கேன். ஒண்ணும் வரல்லியே?"

மைனி என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். பிறகு போனை ஸ்பீக்கரில் போட்டு இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். "லேப்டாப்பு கேடாயிட்டு. நான் சொல்லிட்டே வாறேன், நீங்க கேளுங்க. மாமா மடியில இருக்கா. பச்சப் பாவாட. மாமா இப்ப சோற எடுக்காவ. நெய் போட்டு, கொஞ்சம் சர்க்கரையும் போட்டு. வாயத் தொறக்க மாட்டேங்கா. இப்ப தொறந்துட்டா. வச்சாச்சு."

"முழுங்கிட்டாளா?"

"பாதி. மீதிய துப்பிட்டா. தாடையில இருக்கு."

"அழுதாளா?"

"இல்ல. உங்க சத்தம் கேட்டு லேப்டாப்பு இருந்த இடத்தப் பாக்கா."

நான் போனுக்குப் பக்கத்தில் போய் "அண்ணே, நான்தான்..." என்று ஆரம்பித்தேன். "சாரமில்ல மக்கா, போனா போவுது. நீ செரியாக்கத்தானே பாத்த" என்றான். கொஞ்சம் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் மார்த்தாண்டத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் மோந்து பார்த்துவிட்டு உள்ளே வேலை செய்கிறவரைக் கூப்பிட்டு அவரையும் மோந்து பார்க்கச் சொன்னார்.

"இத எங்க வச்சிருந்திய?"

"புகைப்புரையில."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "நீங்க என்ன படிச்சிருக்கிய?"

"பி.காம்" என்றேன்.

திறந்து பார்த்தார். பலகை போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார். பிறகு திரையின் மூட்டைப் பிரித்து, ஒரு மெல்லிய பட்டைக் கேபிளை வெளியே இழுத்தார். மடங்கி மடங்கி ஓரிடத்தில் நைந்திருந்தது.

"குறை இதுதான். திரைய சாய்ச்சா செரியாயிருக்குமே?"

"ஆவும்."

"டிவியில மாட்டிப் பாத்தியளா?"

"இல்ல."

"மாட்டியிருந்தா டிவியிலயே தெளிவா கண்டிருக்கலாம்." இடது ஓரத்தைத் தடவினார். புகை பிடிக்காமல் வெள்ளையாக ஒரு தேய்மானத் தடம் இருந்தது. "இஞ்ச ஆரோ கிளிப்பு போட்டிருக்காவ. செரியான இடத்துல போட்டிருக்காவ. வேல தெரிஞ்ச ஆளு."

நான் எழுந்துவிட்டேன். அவர் விடவில்லை. "ஆமா, என்ன அவசரத்துக்கு இத செய்திய?"

வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் சடங்கு பார்ப்பதற்காக என்றேன்.

"அவரு பாக்கதுக்கு உங்களுக்க திரை எதுக்கு? கேமராவும் நெட்டும் வேல செய்தா போருமே. இஞ்ச கோடு விழுந்தாலும் அவருக்கு நல்லாத்தானே தெரியும்?"

புதன்கிழமை மைனி இதைத்தான் சொன்னாள். வேறு வார்த்தையில்கூட இல்லை.

வீட்டுக்கு வந்து நான் ஒன்றும் சொல்லவில்லை. ஹாலில் மைனி மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சாக்பீஸ் வட்டத்தையும் சேர்த்துத் துடைத்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பக்கத்தில் போனேன். "காப்பி குடிச்சியா ஏட்டி?" என்று கேட்டாள். இல்லை என்றேன். போட்டுக் கொடுத்தாள். அந்த டின்னில் இருந்துதான்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் வீட்டில் படம் கிடையாது, சத்தம் மட்டும்தான். குலசேகரத்தில் நெட் சென்டருக்கு இரண்டு தடவை போய்ப் பார்த்தோம். அந்தப் புழுக்க அறைக்குள் அம்மு வீறிட்டு அழுதாள், திரும்பிவிட்டோம். அடுத்த லீவுக்கு வரும்போது வேறு ஒன்று வாங்கி வருவதாக அண்ணன் சொன்னான். வந்தான். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடி வந்தான். ஒன்றரை வயது அம்மு அவனைப் பார்த்தாள். யாரோ தாடிக்காரன். கத்திக்கொண்டு என் கழுத்தைக் கட்டிப் பிடித்தாள். அவனிடம் போகவே இல்லை. மைனியிடம்கூடப் போகாமல் வீடு வரும் வரை என்னிடமே இருந்தாள். அவளுடைய அப்பாவை அவளிடமிருந்து எடுத்தவள் நான்தான் என்று அவளுக்குத் தெரியாது. காரில் முன் சீட்டில் அண்ணன் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான். அவள் அவனிடம் போக ஒன்பது நாள் ஆனது. அவனுக்கு லீவே முப்பது நாள்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் மிக்சி ஓடவில்லை என்றால் அப்பா "புகைப்புரையில போடுவமா?" என்பார். அம்மாவுக்கு முட்டு வலி என்றால் புகைப்புரை. என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் பதில் சொல்லவில்லை என்றபோதும் புகைப்புரை. என் கல்யாணத்தில் அத்தை மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, "மக்கா, உடம்புக்கு சொகமில்லன்னா இவகிட்ட மட்டும் சொல்லிராத" என்றாள். எல்லாவற்றுக்கும் சிரித்திருக்கிறேன்.

போன லீவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அம்மு ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் திரும்பி வந்து இரண்டு வருடம் ஆகிறது. அவள் இப்போது மூன்றாம் வகுப்பு. அவளுடைய சோறு கொடுத்த போட்டோக்கள் ஒரு பக்கத்தில் இருந்தன. நெற்றியில் பெரிய பொட்டு, தாடையில் சோறு. எதிர்ப்பக்கத்தில் அண்ணன் போட்டோ ஒன்று. புது நீலச் சட்டை, தலை வாரி, ஒரு கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். அன்றைக்குக் காலை எட்டு மணிக்கு அவனோடு அறையில் இருந்த ஒருவர் எடுத்தது. கம்ப்யூட்டரில் எங்கள் வீடு வரப்போகிறது என்று காத்திருக்கும் சிரிப்பு. அந்த இரண்டு போட்டோவையும் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி மைனி ஒட்டி வைத்திருந்தாள். எப்போது ஒட்டினாள் என்று எனக்குத் தெரியாது.

"அம்மா, அப்பா ஆரப் பாத்து இப்பிடிச் சிரிக்காவ?" என்று அம்மு கேட்டாள்.

"ஒன்னப் பாத்துத்தான்" என்றாள் மைனி.

"பொய்யி! அதுக்கு முந்தின நாளே சிந்து அத்தை லேப்டாப்ப புகை போட்டாச்சுல்லா?"

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். அண்ணன் சிரித்துக்கொண்டே ஆல்பத்தை மடியில் வாங்கி, எதிர்ப்பக்கத்தில் இருந்த குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.